பச்சை மை டாக்டரும் என் நன்னடத்தையும்

காரைக்கால் வட்டாரத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் கல்லூரிக்குப் போன பாதிப் பேருடைய நன்னடத்தைக்கு உத்தரவாதம் கொடுத்தவர் ஒரு மாட்டு டாக்டர். அவர்களில் இன்றைக்கு வக்கீல் இருக்கிறார், இன்ஜினீயர் இருக்கிறார், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார். எல்லாருடைய பழைய ஃபைலிலும் மழைக்குப் பிறகு மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி ஒரு பச்சைக் கையெழுத்து இருக்கும். அது அவர் போட்டது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எங்கள் சுரக்குடியில் யாருக்குமே தெரியாது. முத்திரையில் பெயர் இருந்தது என்று சொல்வார்கள். ஆனால் அந்த முத்திரையும் மாட்டுக்குப் புகட்டும் மருந்துப் புட்டிகளும் ஒரே மேஜை டிராயரில் குடித்தனம் நடத்தியதால், காகிதத்தில் 'கால்நடை' என்பது வரைக்கும்தான் விழும்; மீதியெல்லாம் ஊதா மேகம். ஆகவே எங்களுக்கு அவர் பச்சை மை டாக்டர். "பச்சை மை இருக்காரா?" என்று அவர் காதுபடக் கேட்டாலும், "இருக்கேன், வாங்க" என்று அவரே பதில் சொல்வார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் படுத்துக்கொண்டே போனில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். எங்கள் காலத்தில் விண்ணப்பம் போடுவதே ஒரு தனிப் படிப்பு. மார்க் ஷீட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து நகல் அடித்து வாங்க வேண்டும். ஜெராக்ஸ் மெஷின் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத நேரம். அந்த நகல் அசலுக்குச் சரியானதுதான் என்று ஒரு கெஜட்டட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோவில் இருப்பது நாம்தான் என்பதற்கு இன்னொரு பச்சைக் கையெழுத்து. கடைசியில், இந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான் என்பதற்கு நன்னடத்தைச் சான்றிதழ். பெற்ற அம்மா சொன்னால் செல்லாது. பச்சை மை சொன்னால் செல்லும்.

டவுனில் கெஜட்டட் அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாம் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது அவர்கள் மீட்டிங்கில் இருப்பார்கள். மீட்டிங் முடிந்தால் பாண்டிச்சேரியில் இருப்பார்கள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கத்து அதிகாரியின் பச்சை மை இந்தப் பக்கத்து விண்ணப்பத்தில் செல்லுமா என்று டீக்கடையில் பெரிய விவாதமே நடந்தது. கடைசி வரைக்கும் முடிவு தெரியாததால் யாரும் துணிந்து பாலத்தைத் தாண்டவில்லை. மிச்சம் இருந்தவர் கால்நடை மருந்தக டாக்டர்தான். காலை எட்டு மணிக்குப் போனால் கட்டாயம் இருப்பார். மாடு மீட்டிங் போட்டுக்கொண்டு காத்திருக்காதே!

அவரிடம் கையெழுத்து வாங்குவது லேசுப்பட்ட காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். நகலை அசலோடு ஒத்துப் பார்க்காமல் பேனா மூடியைத் திறக்க மாட்டார். அசல் அவர் கையில், நகல் கம்பவுண்டர் ராசாங்கம் கையில். மாடுகள் கத்தும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். அந்தக் குரலில் மார்க்கை ஏலம் போடுவார்.

"தமிழ், நூத்தி நாப்பத்திரண்டு!"

"இருக்கு சார்!"

"இங்கிலீஷ், எழுபத்தொண்ணு!"

"இருக்கு சார்!"

அசலை இன்னொரு தடவை கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவார். "இருநூறுக்கா எழுபத்தொண்ணு?"

"ஆமா சார். பாஸுதான் சார்."

அதற்குள் மருந்தகத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் பையனின் ஜாதகம் தெரிந்துவிடும். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் யாராவது ஒருவர், "வுடு தம்பி, எம் மச்சான் மவன் அறுவத்தெட்டுல நின்னுட்டான். நீ தேவலாம்" என்று ஆறுதல் சொல்வார். மார்க் நல்லபடியாக இருந்தால் வேறு தொல்லை. பையனைக் கிட்டே கூப்பிட்டு, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்ல. பூச்சி மருந்து சாப்புடுறியா இல்லியா?" என்பார். மனிதனுக்கா, மாட்டுக்கா என்று அவர் அளவு சொல்லாததால் யாரும் சாப்பிட்டதில்லை.

ஒருமுறை விழிதியூரிலிருந்து ஒருவர் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தார். முழுக்க முழுக்கப் பிரெஞ்சு. "எனக்குத் தெரியாத பாஷையில என்ன எழுதிருக்குன்னு எப்புடிங்க சரின்னு சொல்றது?" என்றார் டாக்டர். வந்தவர் கெஞ்சினார். சரியென்று எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்க்க உட்கார்ந்தார்கள். ஒரு பக்கக் காகிதத்துக்கு ஒரு முழுக் காலை ஆனது. சில எழுத்துகளின் தலையில் குட்டிக் கோடுகள் இருந்தன. இன்ஸ்டிட்யூட் மெஷினுக்கு அவை தெரியாது. டாக்டர் ஒவ்வொரு கோட்டையும் பச்சை மையால் தானே போட்டுக்கொடுத்தார். வெளியே எட்டு மாடுகள் காத்துக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாரையும் கதிகலங்க வைத்தது நன்னடத்தைச் சான்றிதழ்தான். அதில் ஒரு வரி வரும்: 'இந்த விண்ணப்பதாரரை எனக்கு இத்தனை ஆண்டுகளாக நேரில் தெரியும்.' மற்ற அதிகாரிகள் அந்த இடத்தில் மூன்று என்றோ ஐந்து என்றோ மனசுக்குத் தோன்றியதைப் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் அந்த வரியை நம்பினார். உலகத்திலேயே அதை நம்பிய ஒரே அதிகாரி அவராகத்தான் இருக்க வேண்டும். கல்லூரிகள் குறைந்தது மூன்று ஆண்டு கேட்டன. டாக்டரோ, "உன்னைய எனக்கு எத்தினி நாளாத் தெரியும்? ராசாங்கம், நோட்ட எடு" என்பார்.

நோட்டு என்றால் மருந்தகத்தின் சிகிச்சைப் பதிவேடு. எந்த ஊர், என்ன விலங்கு, என்ன கோளாறு, அழைத்து வந்தவர் யார் என்று அன்றன்றைக்கு எழுதி வைத்திருப்பார்கள். அழைத்து வந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் முதன்முதலாக என்றைக்கு வருகிறதோ, அன்றிலிருந்துதான் டாக்டருக்கு உங்களைத் தெரியும். அதற்கு ஒரு நாள் முன்னால்கூட இல்லை.

ஊர் இதைப் புரிந்துகொண்டதும் என்ன ஆனது தெரியுமா? ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளை போனதும் அப்பன்மார் அவன் கையில் மாட்டைக் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். மாடு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள். எங்கள் தெருவில் ஒரு கிழட்டு ஆடு, சிபாரிசு செய்தே பதினொரு பேரைக் கல்லூரிக்கு அனுப்பியது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு கடைக்காரர் மகன் சேவலைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தான், மூன்று வருஷம். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. பஸ்ஸுல வந்த கிறுகிறுப்புதான்" என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு விண்ணப்பித்த முதல் பெண் நான். பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். அம்மா இரண்டு மாதம் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து வாங்கிய சம்மதம் அது. அதையும் அப்பா ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார். "ஒரு காலேஜு, ஒரு அப்ளிகேஷன். கெடச்சா போ. கெடக்கலன்னா வீட்டுல இரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாங்குற பேச்சே கெடையாது." அந்த ஒரே விண்ணப்பம் அடுத்த திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் அப்பா நேரில் கொண்டுபோவதாக ஏற்பாடு. எனக்கு இருந்தது ஐந்து நாள்.

திங்கட்கிழமை போனேன். மார்க் ஏலம் கௌரவமாக முடிந்தது. விலங்கியல் மார்க்கைக் கேட்டு ஒரு எருமைக்காரர் தலையைக்கூட ஆட்டினார். பிறகு நன்னடத்தைப் படிவத்தை நீட்டினேன். ராசாங்கம் மூன்று வருஷத்து நோட்டைப் புரட்டினார். எங்கள் வீட்டுப் பசு ராணி பக்கத்துக்குப் பக்கம் இருந்தாள். அழைத்து வந்தவர் என்ற இடத்தில் எங்கும் என் அண்ணன் பெயர். எங்கள் வீட்டில் பெண் பிள்ளை மாட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் போவதில்லை.

"ராணிய எனக்கு ஆறு வருஷமாத் தெரியும்மா" என்றார் டாக்டர். "அதுக்குன்னா நன்னடத்தை இப்பவே குடுப்பேன். ஊசி போட்டாக்கூட ஒதைக்காது. ஒங்க அண்ணனையும் தெரியும். ஒன்னைய இன்னிக்குத்தான பாக்குறேன்?"

பத்தாவதில் இரண்டு முறை கோட்டை விட்டு, இனி பள்ளிக்கூடம் இருக்கும் திசையிலேயே படுப்பதில்லை என்று இருந்த என் அண்ணனுக்கு ஆறு வருஷப் பழக்கம்! எனக்கு ஒரு நாள். கோபம் வந்தால் எனக்கு மூக்குதான் முதலில் சிவக்கும். "அப்ப ஒரு நாளுன்னே எழுதிக் குடுங்க!" என்றேன். மனிதர் நிஜமாகவே பேனாவைத் திறந்துவிட்டார். ராசாங்கம் பாய்ந்து படிவத்தைப் பிடுங்கி என் கையில் கொடுத்து அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை ராணியை நானே பிடித்துக்கொண்டு போனேன். தெருவே வேடிக்கை பார்த்தது. "ராணிக்கு என்ன?" "ஒண்ணுமில்ல சார்." அவர் ராணியைக் கால் மணி நேரம் பரிசோதித்தார். வாய், காது, மடி, குளம்பு எதையும் விடவில்லை. பிறகு பதிவேட்டில், கோளாறு இல்லை, அழைத்து வந்தவர் செல்வி என்று எழுதிவிட்டு, உண்மையான சந்தோஷத்தோடு என்னைப் பார்த்து, "ரெண்டு நாள் ஆச்சு!" என்றார்.

புதன்கிழமை அப்பாவும் கூட வந்தார். அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடியை டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"டாக்டரய்யா, எம் பொண்ண எனக்குப் பதினேழு வருஷமாத் தெரியுமுங்க. நல்ல பொண்ணு. நாஞ் சொல்றேன், எழுதிக்குங்க."

"அப்ப நீங்களே கையெழுத்துப் போடுங்களேன்."

"எங்கிட்ட ஏதுங்க பச்சை மை?"

"மை வேணா நான் தரேன். கெஜட்டுல பேரு இருக்கா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். டாக்டர் மட்டும் என்னை விடவில்லை. "யோசிச்சுப் பாரு பாப்பா. இதுக்கு முந்தி நீ எதையாச்சும் கொண்டாந்திருக்கியா? நாயி? பூனை? கோழிக்குஞ்சு?"

"ஒண்ணும் கொண்டாரல" என்றேன் வெடுக்கென்று. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவர் என் மூக்கையே ஒரு மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ராணியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ராணி மட்டும்தான் கேட்டாள்.

வியாழக்கிழமை அப்பா டவுனுக்குப் போனார். ஒரு அதிகாரி லீவில். இன்னொருவர் அலுவலகத்தில், "சார் தாராளமா போட்டுக் குடுப்பாரு, பத்து வருஷம்னுகூட எழுதுவாரு. ஆனா சார் அடுத்த வாரந்தான் வருவாரு" என்றார்களாம். நான் மருந்தகத்துக்குப் போனால் டாக்டர் வெளியிலேயே வரவில்லை. ஸ்டோர் ரூமில் இருக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்று ராசாங்கம் வாசலிலேயே மறித்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா அம்மாவிடம், "நா ஒண்ணும் வாணாங்கல. அமையலன்னா என்ன பண்றது?" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்குக் கேட்டது. அம்மா அடுப்பை ஊதுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் வாழ்க்கை அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மா பிடுங்கி எடுத்ததால்தான் போனேன். அப்பா வேண்டாவெறுப்பாகப் பின்னால் வந்தார். மருந்தகத்தில் ஒரே கூட்டம். மாட்டை நிறுத்தி ஊசி போடும் கட்டைக் கூண்டுக்குள் மாடு இல்லை. பழைய பதிவேடுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. டாக்டர் தலையெல்லாம் ஒட்டடை. ராசாங்கம் தும்மிக்கொண்டே, "ரெண்டு நாளா எங்களுக்கு இதே வேலதாம்மா" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்ததும் கரையான் அரித்த ஒரு நோட்டை விரித்து, வழக்கமான ஏலக் குரலில் படித்தார்.

"வெள்ளாட்டுக் குட்டி, கருப்பு. வைக்கப்போருலேர்ந்து விழுந்து வலது பின்னங்கால் முறிவு. மூங்கில் சிம்பு வெச்சுக் கட்டப்பட்டது. கொண்டு வந்தவர், சுரக்குடி, ஒரு சிறுமி, வயது ஒன்பது இருக்கலாம். பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லை." நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். "குறிப்பு: குட்டியைவிட இவள் அதிகம் கத்தினாள். மூக்கு மிகவும் சிவந்திருந்தது."

மொத்தக் கூட்டமும் என் மூக்கைப் பார்த்தது.

எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பாவாடைக்குள் குட்டியைச் சுற்றிக்கொண்டு வரப்பு வழியாக ஓடி வந்தது. மீசை வைத்த ஒருவர் அதன் காலைப் பிடித்து இழுத்தது. குட்டி அலறியது. பிறகு நான் செய்த காரியம். வீட்டில் தெரிந்தால் அடி விழும் என்று யாரிடமும் மூச்சு விடாமல் மறைத்து, மறைத்து, கடைசியில் நானே மறந்துபோயிருந்தேன். டாக்டர் முகத்தில் அந்த மீசையையும் இப்போது காணோம்.

டாக்டர் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினார். அரைவட்டமாகச் சின்னச் சின்னத் தழும்புகள்.

"ஆடு கடிச்சிருக்கு, குதிரை கடிச்சிருக்கு. இந்த சர்வீசுல மனுசங்க கடிச்சது ஒரே ஒரு தடவைதான். நீதானா அது?"

அப்பா என்னைப் பார்த்தார். ராசாங்கம் தும்முவதை நிறுத்தினார். நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வந்த இடத்தில், கையெழுத்துப் போட வேண்டிய கையையே கடித்தவள் நான் என்று எப்படி ஒத்துக்கொள்வது? இல்லை என்று சொன்னால் சீட்டு போய்விடும். ஆமாம் என்றாலும் போய்விடும் போலிருந்தது.

"நாந்தான் சார்" என்றேன்.

"அதுக்கப்புறம் யாரையாச்சும் கடிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"நிச்சயமா?"

"இல்லீங்கய்யா!" என்றார் அப்பா, எனக்கு முந்திக்கொண்டு. "சத்தியமா இல்லீங்க. தங்கமான பொண்ணு." வியாழக்கிழமை நிம்மதிப்பட்ட மனிதர், வெள்ளிக்கிழமை என் பல்லுக்கு ஜாமீன் நின்றார்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். ஆண்டுகள் என்ற இடத்தில் எட்டு என்று எழுதினார். எந்த வகையில் தெரியும் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'நோயாளியின் உறவினர்' என்று எழுதினார். நடத்தை என்ற இடத்தில் பேனா நின்றது. எனக்கு உயிரே நின்றது.

"ஆட்டுக்குட்டிக்காகத்தான கடிச்சே?" என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "அது நல்ல நடத்தையிலதாம்மா சேரும்." எழுதி, மண்புழுவை ஓடவிட்டு, ஊதா மேகத்தையும் குத்திக் கொடுத்தார். அப்புறம் ரொம்ப நாள் கேட்கக் காத்திருந்த மாதிரி, "அந்தக் குட்டி அப்புறம் நல்லா நடந்துச்சா?" என்றார்.

"நொண்டி நொண்டி நடந்துச்சு சார். ஆனா ஊருல ஒரு வேலி பாக்கி வெக்கல."

"நொண்டுச்சா?" அவர் முகம் வாடிவிட்டது. "நீ மட்டும் கடிக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் நேரா வெச்சுக் கட்டிருப்பேன்."

இன்டர்வியூவில் ஒரு அம்மையார் என் சான்றிதழைப் படித்துவிட்டு, "யாரு அந்த நோயாளி?" என்று கேட்டார். சொன்னேன். கடித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்து முடிக்க நேரமானது. விலங்கியலில் சீட்டு கொடுத்தார்கள். ஹாஸ்டல் வாசலில் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்பா சொன்ன ஒரே புத்திமதி, "யாரையும் கடிச்சிறாத" என்பதுதான்.

பொங்கல் லீவுக்கு வந்தபோது அம்மா செய்த முறுக்கை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன். நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். பச்சை மை மாற்றலாகிப் போய்விட்டாராம். ராசாங்கத்திடம் பெயரைக் கேட்டிருக்கலாம். எனக்கு ஏனோ கேட்கத் தோன்றவில்லை. முறுக்கை அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நானும் பிறகு ஒரு அரசுக் கல்லூரியில் ஆசிரியையாகி, பச்சை மை வைத்துக்கொள்ளும் தகுதி பெற்றேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்று கொடுத்திருக்கிறேன். அவருக்கு மட்டும் யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே இதையும் செய்துவிடுகிறேன். நான் அவரை நேரில் பார்த்தது மொத்தமே ஐந்து நாள்தான். ஆனால் பழக்கத்தை முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம்.

பச்சை மை டாக்டரை எனக்கு ஐம்பது ஆண்டுகளாக நேரில் தெரியும். எந்த வகையில்: நோயாளியின் உறவினர். நடத்தை: மிகவும் நல்லது. இந்த வரிகளை மட்டும் பச்சை மையில் எழுதித்தான் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். அச்சில் கறுப்பாக வந்திருந்தால் நீங்கள் பச்சையாக வாசித்துக்கொள்ளுங்கள்.